என் நாய் பக்கத்து வீட்டுத் தறியில் இருந்த கல்யாணப் பாயைக் கிழித்துவிட்டது: எவ்வளவு கொடுப்பது முறை?

பத்தமடைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பத்தமடையில் எங்கள் அடுத்த வீட்டில், நாங்கள் லாத்தா என்று அழைக்கும் அம்மா ஒருவர் பாய் நெய்து பிழைக்கிறார். எங்களிடம் ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது. சென்ற வியாழக்கிழமை காலை பால்காரர் வந்துபோன பிறகு வாசற்கதவின் கொண்டியை நான் போடாமல் விட்டுவிட்டேன். நாய் வெளியே ஓடி, லாத்தா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் தறி வைத்திருக்கும் அறைக்குள் புகுந்துவிட்டது. அணில் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனதாகத் தெருவில் நின்ற பிள்ளைகள் சொன்னார்கள்.

தரையோடு தாழ்வாகக் கட்டிய தறியில் முக்கால் பங்கு நெய்து முடித்த கல்யாணப் பாய் இருந்தது. மணப்பெண்ணின் பெயர் முழுவதும் விழுந்து, மாப்பிள்ளையின் பெயரில் இரண்டு எழுத்துகள் ஆகியிருந்தன. நாயின் கால்நகம் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் மாட்டிக்கொள்ள, அது மிரண்டு இழுத்ததில் பதினொரு நூல்கள் அறுந்து, பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பாய் கிழிந்துவிட்டது. சாயம் ஏற்றிக் காய வைத்திருந்த கோரைக்கட்டையும் அது கடித்துக் குதறியிருந்தது. நான் போய் நின்றபோது லாத்தா அந்தக் கோரையை இழை இழையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நல்லது என்று ஒதுக்கியது ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை.

நான் 2,000 ரூபாயை நீட்டினேன். "விடுங்க தம்பி, வாயில்லாச் சீவன் என்ன செய்யும்" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். என் அண்ணன், அவரே வேண்டாம் என்ற பிறகு இந்தப் பேச்சை மேலும் வளர்க்க வேண்டாம் என்கிறார். ஆனால் அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. 6,500 ரூபாய்க்குப் பேசி, 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிய பாய் அது என்று வேறொருவர் மூலம் அறிந்தேன். பெண் வீடு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது. திருமணம் தை மாதம். சட்டப்படி என் பொறுப்பு எதுவரை? எதைக் கணக்கில் கொண்டு எவ்வளவு கொடுக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாளை வழக்குரைஞர்

ஐயா, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது காவல் நிலையத்துக்குப் போகும் விவகாரம் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கை உரிய கவனத்தோடு காக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் இந்த அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வழிவகுக்கும் ஆபத்தைப் பற்றியது. பாய் கிழிந்ததற்கு அது பொருந்தாது. சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைக் குற்றமாக்கும் 324ஆம் பிரிவுக்கு, சேதம் செய்யும் எண்ணமோ, சேதம் வரக்கூடும் என்ற அறிவோ வேண்டும். கொண்டி போட மறந்தவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் பெரியவர்கள் பலர் பவுண்டு (பிடிபட்ட மாடுகளை அடைத்துவைக்கும் பட்டி) முறையை நினைவில் வைத்துக்கொண்டு, மாடு மேய்ந்தால் தெண்டம் கட்டுவதுபோல நாய்க்கும் உண்டு என்று நினைக்கிறார்கள். பயிரில் இறங்கிய மாட்டைப் பவுண்டில் அடைக்க வழிசெய்தது 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம். அதன் பட்டியலில் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு எல்லாம் உண்டு, நாய் இல்லை.

எஞ்சியிருப்பது உரிமையியல் பொறுப்பு. கவனமாக இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருந்ததா, அதில் தவறினீர்களா, அந்தத் தவறால்தான் நட்டம் வந்ததா என்ற மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஆம் என்பதே விடை. அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது என்று யாராவது உங்களுக்கு எடுத்துக் கொடுத்தால் அதைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர் அடுத்த வீட்டு நாய்க்காகத் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற கடமை அவருக்குக் கிடையாது. இழப்பீட்டின் அளவு, அந்தச் சேதம் நடக்காமல் இருந்திருந்தால் அவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்குப் பணத்தால் முடிந்தவரை அவரைக் கொண்டுவருவது. ஆகவே கோரை, நூல், சாயம் ஆகியவற்றின் விலையோடு, வீணான நாட்களின் உழைப்பும், பாய் உரிய நாளில் போய்ச் சேராததால் அவருக்கு வரும் இழப்பும் அதில் அடங்கும். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதால் மட்டும் உங்கள் கடன் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது எதிராளி இணங்காத நிலை இருந்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே எட்டும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நீதிமன்றக் கட்டணமும் இல்லை. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. உங்கள் விவகாரம் அதுவரை போகத் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

மேலப்பாளையத்து மருமகள்

நான் பத்தமடையில் பிறந்து மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் உம்மா நாற்பது வருடங்கள் தறியில் உட்கார்ந்தவர். தம்பி, நீங்கள் 2,000 ரூபாயை நீட்டிய விதத்தில்தான் பிழை நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பாய் கிழிந்து கிடக்க, அவர் கோரையைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பணத்தைக் காட்டினால், எங்கள் தெருப் பெண்கள் யாரும் கை நீட்ட மாட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குத் தறியை நம்பியிருப்பவருக்கு அந்த "விடுங்க" என்ற சொல் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் சொல். அதை வைத்துக் கணக்கு முடிக்கலாகாது.

கணக்கைச் சொல்கிறேன். அது சாதாரணக் கல்யாணப் பாயா, நூற்றுக்கு மேல் பாவு ஓடும் பட்டுப்பாயா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சொல்லும் விலைக்கு இடைத்தரமாக இருக்கலாம். கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, உப்பி வந்ததை மறுபடி காயவைத்து, அதற்கப்புறம் மெல்லிய இழைகளாகக் கிழித்துத்தான் சாயத்தில் போடுவார்கள். உங்கள் நாய் கடித்தது கடையில் வாங்கிவரும் சரக்கு இல்லை, அவ்வளவு வேலையும் முடிந்த கோரை. இன்னொன்று, மறுபடி சாயம் போட்டால் பழைய சிவப்பும் புதிய சிவப்பும் ஒன்றுபோல் வராது. பெயர் எழுதிய பாயில் பாதி ஒரு நிறமும் பாதி ஒரு நிறமுமாக யாரும் வாங்க மாட்டார்கள். அறுந்த பாவை முடிச்சுப் போடலாம். ஆனால் கிழிந்த இடம் பெயருக்குப் பக்கத்தில் என்பதால், அவர் அந்தப் பாயைத் தறியிலிருந்து இறக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கத்தான் வேண்டியிருக்கும். இப்போது கார்த்திகை, மழைக்காலத்தில் கோரை காய நாளாகும். தறிச் சத்தம் கேட்காததற்குக் காரணம் கோபமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நெய்யக் கையில் கோரை இல்லாமல் இருக்கலாம்.

எழுதத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்லியாக வேண்டும். நாயின் எச்சில் பட்ட இடத்தைப் பல முறை கழுவிச் சுத்தம் செய்வது எங்கள் முஸ்லிம் வீடுகளின் வழக்கம். தறி இருக்கும் அறையிலேயே அவர் தொழுகிறவராக இருந்தால், அன்று அவர் பாயைப் பார்ப்பதற்கு முன்பே வீடு முழுவதையும் கழுவ வேண்டிய வேலை அவர் தலையில் விழுந்திருக்கும். உங்களிடம் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் மனைவியோடு சாயந்திரம் போய் உட்கார்ந்து, எத்தனை நாள் வேலை வீணானது என்று உங்கள் மனைவி கேட்கட்டும். அதோடு கல்லிடைக்குறிச்சிக்கு நீங்களே போய், தவறு எங்களுடையது, அவருடையது அல்ல என்று பெண் வீட்டாரிடம் சொல்லுங்கள். பணத்தைவிட அவருக்கு அதுதான் தேவைப்படும். ஒரு பாய் தாமதமானால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

வீரவநல்லூரான்

வழக்குரைஞர் ஐயா சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு விவகாரத்தில் நாள் கணக்கு, கூலிக் கணக்கு என்று இறங்கினால் பிறகு முகம் பார்த்துப் பேச முடியாது. அவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததைப் பணத்தால் திருப்பிக் கொடுப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். பெருநாளுக்குப் புடவையாகவோ அரிசியாகவோ கொடுத்து, உறவைக் காப்பாற்றிக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

மேலப்பாளையத்து மருமகள்

அண்ணாச்சி, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் பெருநாள் வரும்வரை அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கே போவார்? பட்ட நட்டத்தை ஈடுகட்டுவது வேறு, அன்பளிப்பு வேறு. அன்பளிப்பாகக் கொடுத்தால் அவர்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். இங்கே நன்றி சொல்ல வேண்டியவர் அவர் அல்லவே. நாய் வளர்ப்பவர்கள் வெளிப்படையாகக் கணக்குக் கேட்டுக் கொடுத்தால்தான், அடுத்த முறை எங்களைப் போன்றவர்கள் கூச்சமில்லாமல் வாய் திறக்க முடியும்.

சங்கரன்கோவில் வேட்டைநாய் வளர்ப்பு

இருபது வருடங்களாகச் சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்த்து வருகிறேன். பொறுப்பு என்ற பேச்சில் பணம் ஒரு பாதி. இது மறுபடி நடக்காமல் பார்ப்பது மறு பாதி என்பதால் எழுதுகிறேன். இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் இனங்கள். அணிலோ முயலோ கண்ணில் பட்டு ஓடத் தொடங்கிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. அதன் குற்றமாக அதை நினைக்க வேண்டாம். ஆனால் இந்த இனத்தைத் தெரு ஓரத்து வீட்டில் வளர்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ஒன்று நடந்த உடனே பலரும் செய்வது நாயை நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிவிடுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வளர்க்கும் நாய்க்கு ஓட்டமும் நடையும் கொடுக்காமல் விடுவதையும் குற்றமாகவே சொல்கிறது. கட்டியே கிடக்கும் நாய் அவிழ்ந்த அன்று இன்னும் மூர்க்கமாக ஓடும். விடியற்காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், அரைமணி நேரம் வயல் வரப்பிலோ தண்ணீர் இல்லாத குளத்திலோ கயிற்றில் பிடித்து ஓடவிடுங்கள். வாசலில் கைக்கொண்டியை நம்பாமல், கதவு தானாக மூடிக்கொள்ளும் சுருள்வில் போடுங்கள். அதற்கு உள்ளே இடுப்புக்கு மேல் உயரமாக இன்னொரு மூங்கில் படல் வையுங்கள். பால்காரர் வரும் நேரத்தில் இரண்டில் ஒன்று மூடியிருக்கும். மிரட்சி குறையவில்லை என்றால் ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

பத்தமடைக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நானும் என் மனைவியும் லாத்தா வீட்டுக்குப் போனோம். என் மனைவிதான் பேசினாள். மேலப்பாளையத்துச் சகோதரி எழுதியபடியே, அன்று மதியம் வரை தரையையும் தறிக்கட்டையையும் அவர் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியவே இல்லை. பதினாறு நாள் வேலை போயிற்று என்று வெகு நேரம் கழித்துச் சொன்னார். அந்தப் பதினாறு நாளுக்கும், மறுபடி தயார் செய்யும் நாட்களுக்கும் சேர்த்துக் கூலி, கோரை, நூல், சாயம் எல்லாமாக 7,400 ரூபாய் ஆயிற்று. சுத்தம் செய்த நாளுக்குத் தனியாக வாங்க மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டதால், அந்த 7,400 ரூபாயை மட்டும் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். பெண்ணின் தகப்பனார் முதலில் மிகவும் வருத்தப்பட்டார். அவர் பேசி முடிக்கும் வரை நின்றேன். பிறகு, தை பதினாலுக்குள் கிடைத்தால் போதும், மழை விடாவிட்டால் கரை வேலைப்பாட்டைக் குறைத்துப் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். புதுக் கோரைக்கட்டைக் கன்னடியன் கால்வாயில் ஊறப்போட நான்தான் சுமந்து போனேன். வாசலில் சுருள்வில் போட்டாகிவிட்டது. படல் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்.

கிழிந்த பாயை லாத்தா தூக்கிப் போடவில்லை. பெண்ணின் பெயர் விழுந்த பகுதியை மட்டும் வெட்டி, ஓரத்தைத் துணி வைத்துத் தைத்து, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். பெண் வீட்டார் பாய் வாங்க வரும்போது அதையும் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.