வீட்டு சிஎன்சி மில்லில் ஸ்டெப் தவறுகிறது: நேமா 34 மோட்டாருக்கு மாறலாமா?

பட்டறைவாசி:
வணக்கம். எக்ஸ்3 வகை சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சி (கணினிக் கட்டுப்பாடு) ஆக்கி ஓட்டுகிறேன். மூன்று அச்சிலும் 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ, நேரடி கப்ளிங், 19 கிலோ-செ.மீ. டார்க் உள்ள நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றுவது), அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிபி6560 டிரைவர், எல்லாவற்றுக்கும் ஒரே 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. அலுமினியம் நன்றாகவே வெட்டுகிறது, ஆனால் ஜி0-வில் (வெட்டாமல் வேகமாக நகரும் கட்டளை) நிமிடத்துக்கு 1500 மி.மீ. தாண்டினால் எக்ஸ் அச்சு கத்திவிட்டு நின்றுவிடுகிறது, இசட் மேலே ஏறும்போது 1000-க்கே ஸ்டெப் தவறுகிறது. இதைவிடப் பெரிய அளவான 85 கிலோ-செ.மீ. நேமா 34 மூன்று வாங்கிப் போட்டுவிடலாமா?

கடைசல்காரன்:
இப்போதைக்கு வாங்காதீர்கள். 19 கிலோ-செ.மீ. மோட்டார் 5 மி.மீ. ஸ்க்ரூவில், மெதுவாகச் சுற்றும்போது, 200 கிலோவுக்கு மேல் தள்ளும், அந்த டேபிளுக்கு அதுவே தாராளம். குறை வேகத்தில்தான். 1500 என்றால் 300 ஆர்பிஎம், ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைப்பது 1 மில்லி செகண்ட், அதற்குள் காயிலில் கரண்ட் ஏறி இறங்க வேண்டும், சுற்றும் மோட்டார் உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் வேறு தடுக்கும், 24 வோல்ட் எங்கே போதும்? நேமா 34-இல் பெரும்பாலும் இண்டக்டன்ஸும் (காயிலில் கரண்ட் மாறுவதைத் தடுக்கும் தன்மை) ரோட்டர் எடையும் அதிகம். அதே சப்ளையில் போட்டால் இன்னும் சீக்கிரமே நின்றுபோகலாம்.

மோட்டாரின் இண்டக்டன்ஸை மில்லி ஹென்றியில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு 32-ஆல் பெருக்குங்கள், உச்ச வோல்டேஜ் கிடைக்கும். 4 என்றால் 64 வோல்ட். டிபி6560 சிப் 40-க்கு மேல் தாங்காது, அதனால் டிரைவரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மைக்ரான்:
இசட் கதை வேறு, அங்கே மோட்டார் ஹெட்டின் எடையையே தூக்குகிறது. ஒரு கேஸ் ஸ்பிரிங்கோ எதிர் எடையோ கொடுத்துப் பாருங்கள். ஜிப் (சறுக்கும் பாகம் ஆடாமல் பிடிக்கும் பட்டை) இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சிப்ஸ்_பறக்கும்:
நான் இருவரோடும் ஒத்துப்போகவில்லை. டிரைவருக்குச் செலவு செய்வதென்று ஆன பிறகு நேராக குளோஸ்டு லூப் (எவ்வளவு சுற்றியது என்று என்கோடர் சென்சார் பார்த்துக்கொள்ளும்) நேமா 23 போய்விடுங்கள். ஸ்டெப் தவறினால் அலாரம் கொடுத்து நிறுத்தும், பாதி ஜாப் வீணான பிறகு தெரிவதற்கு அது எவ்வளவோ மேல்.

கடைசல்காரன்:
அலாரம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என்கோடர் வைத்தாலும் வோல்டேஜ் இல்லாவிட்டால் 300 ஆர்பிஎம்மில் டார்க் வராது, அலாரம்தான் அடித்துக்கொண்டே இருக்கும்.

பட்டறைவாசி:
நன்றி அண்ணே. டேட்டா ஷீட் பார்த்தேன். மோட்டாரில் எட்டு வயர், இப்போது காயில்கள் சீரியஸில் இணைந்திருக்கின்றன: 2.1 ஆம்ப், 8 மில்லி ஹென்றி. பேரலல் என்றால் 4.2 ஆம்ப், 2 மில்லி ஹென்றி.

கடைசல்காரன்:
அட, அதைச் சொல்லியிருந்தால் வேலை சுலபமாயிருக்குமே! பேரலலுக்கு மாற்றுங்கள். கணக்குப்படி உச்சம் 45 வோல்ட், ஆகவே 36 வோல்ட் சப்ளை சரியாக இருக்கும். டிபி6560 அவ்வளவு ஆம்ப் கொடுக்காது, டிஎம்542 டிரைவர் கொடுக்கும். அதற்கு உச்சம் 50 வோல்ட்தான், 48 போட்டால் வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் வோல்டேஜுக்கு இடமிருக்காது. அப்புறம், பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் போய்விடும். முதலில் எக்ஸுக்கு மட்டும் மாற்றி ஓட்டிவிட்டு எவ்வளவு போகிறது என்று சொல்லுங்கள்.