போர்டிகோவுல காரை நிறுத்தறப்ப முன்னாடி மோட்டார்ல இடிக்காம இருக்க வழி சொல்லுங்க

அவிநாசிக்காரி
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க போர்டிகோ உள்நீளம் 16 அடி. கார் 3.995 மீட்டர், அதாவது 13 அடிக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் மூணு அடி இருக்குதேன்னு பார்த்தா, எதிர்ச் சுவரோரம் தொட்டி மோட்டார் ஒரு அடிக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. பின்னாடி ஸ்லைடிங் கேட்டு. வாசல் சரிவுங்கறதால ஆக்ஸிலேட்டர் மிதிச்சுத்தான் ஏத்தோணும், ஏறுன கையோட பிரேக்கைத் தேடோணும். ரிவர்ஸ்ல உள்ள விட வீதி அகலம் பத்தாது. பின்னாடி சென்சார் இருக்குது, முன்னாடி இல்லீங்க. எங்க மாமனார் மேல கொக்கியில ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டித் தொங்கவிடலாம்ங்கறாரு. அது போதுமா? வலது பக்கம் ஒரு தூணும் இருக்குது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

நொய்யல்கரை
பந்து நல்ல யோசனைதானுங்க. முதல்ல வண்டியைச் சரியான இடத்துல நிறுத்திக்கோங்க. அப்புறம் பந்து முன் கண்ணாடியை லேசாத் தொடற மாதிரி கயித்தை இறக்கிக் கட்டுங்க. யாரு ஓட்டுனாலும் கணக்கு மாறாது. வண்டியை மாத்துனா மட்டும் திரும்பக் கட்டோணும்.

உடுமலைக் காத்து
போர்டிகோ திறந்த போர்டிகோவா? அப்படின்னா ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வர்றப்போ அந்தப் பந்து எங்க நிக்குதுன்னு நீங்களே தேடோணும். பந்தை நம்பாதீங்க. பக்கத்துச் சுவத்துல சிவப்பு டேப் ஒரு கோடு ஒட்டுங்க. சைடு மிரர் நேரா அந்தக் கோட்டுக்கு வந்தா பிரேக். மிரருக்கும் சுவத்துக்கும் இடைவெளி கம்மியா இருக்கற பக்கமாப் பார்த்து ஒட்டுங்க. தூரமா இருந்தா சீட்டை முன்ன பின்ன நகர்த்துனாலே கோடும் நகர்ந்த மாதிரி தெரியும்.

பல்லடம் லேத்து
அம்மிணி, பந்து, டேப் எல்லாம் ரெண்டாவது. உங்க பிரச்சனை சரிவு. அதை முதல்ல பாருங்க.

முன் சக்கரம் ஏறுனப்புறம் பின் சக்கரம் ஏற மறுபடி மிதிக்கோணும். பின் சக்கரம் மேல வந்ததும் வண்டியை முழுசா நிறுத்துங்க. சரிவு கேட்டோட முடியுதுன்னா, அந்த இடத்துல பம்பருக்கும் மோட்டாருக்கும் இன்னும் நாலு அடி கிட்ட இருக்கும். அங்கிருந்து கிளட்ச்சைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டு ஊர்ந்து போனாப் போதும், ஆக்ஸிலேட்டர் பக்கமே கால் போகக்கூடாது. பின் சக்கரம் ஏறி நிக்கறப்போ சைடு மிரருக்கு நேரா சுவத்துல ஒரு மஞ்சக் கோடு. உடுமலை அண்ணன் சொன்ன சிவப்புக் கோடு அதுக்கு அப்புறம்.

பொறவு தடுப்பு, அதாவது டயரை நிறுத்தத் தரையில வெக்கற கட்டை. நிறைய பேரு இதைச் சுவரோரமா வெக்கறாங்க, ஒண்ணுக்கும் ஆகாது. டயருக்கு முன்னாடி பம்பர் அரை மீட்டர் போல நீட்டிக்கிட்டு இருக்குதுல்ல? உங்களுக்குத் தடுப்பு சுவத்துல இருந்து மூணரை, நாலு அடி தள்ளித்தான் வரும். அளவு எடுக்கறதை விட, வண்டியை நிறுத்திட்டு டயருக்கு முன்னாடி கட்டையைத் தள்ளிப் பார்த்து மார்க் பண்ணிக்கறது சுலபம். உயரம் 4 இன்ச்சுக்கு மேல வேண்டாம், பம்பர் அடியில இருக்கற பிளாஸ்டிக் இடிக்கும். மரச்சட்டம் டைல்ஸ்ல வழுக்கும், அதனால ஆங்கர் போல்ட் போட்டுருங்க. அப்பவும் வேகமா வந்தா டயர் ஏறிக் குதிச்சுரும், அதை மறந்துராதீங்க. தினமும் டயரை அதுல அழுத்தியே நிறுத்தாதீங்க. தொட்டதும் ஒரு விரக்கடை பின்னாடி விட்டு ஹேண்ட் பிரேக் போடுங்க.

ஈசிஇ மூணாம் வருசம்
அக்கா, நான் எங்க வீட்ல ஆர்டுயினோ (புரோகிராம் போடற சின்ன சர்க்யூட் போர்டு) வெச்சுப் பண்ணியிருக்கேன். எச்.சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்இடி. சத்தம் போய்த் திரும்பற நேரத்தை 58ஆல வகுத்தா தூரம் சென்டிமீட்டர்ல வரும் (நேரம் மைக்ரோ செகண்டுல). 2 செ.மீ.ல இருந்து 4 மீட்டர் வரைக்கும் பார்க்கும். சென்சாரை எதிர்ப்பக்கம், மோட்டார் நீட்டிக்கிட்டு நிக்கற அளவுக்கு முன்னால தள்ளி, நம்பர் பிளேட் உயரத்துல வைங்க. பானட் சாய்வா இருக்கறதால எதிரொலி வேற பக்கம் போயிரும். சாரல் அடிக்கற இடம்னா வாட்டர்ப்ரூஃப் மாடல் எடுங்க. ஆனா அது 20, 25 செ.மீ.க்குக் கிட்ட வந்தா தப்பா காட்டும். அதனால சிவப்பை 35 செ.மீ.ல எரிய விடுங்க. லேசர் பாயிண்டர் வேண்டாம், கண்ணாடியில பட்டு கண்ணுல தெறிக்கும்.

பல்லடம் லேத்து
தம்பி நல்லாத்தான் சொல்றாப்ல. கரண்டு போன அன்னிக்கு என்ன பண்றதுன்னும் சொல்லிருப்பா.

ஈசிஇ மூணாம் வருசம்
பவர் பேங்க் ணா 😄

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு
தூணுக்கு: எங்க ஊருப் பக்கம் தென்னை நார்ல ரப்பர் கலந்து ஷீட் கிடைக்கும், மெத்தைக்குப் போடறது. கதவு தொறந்தா முட்டற உயரத்துல ரெண்டடிக்குச் சுத்தி, மேல பழைய டயர் ட்யூபை இழுத்துக் கட்டிருங்க. மழைத் தண்ணி இறங்காது. திருப்பூர் பனியன் வேஸ்ட்டைச் சாக்குல அடைச்சுக் கட்டறவங்களும் இருக்காங்க. செய்யாதீங்க, எலி அதுல குடி வந்து, அடுத்து உங்க வண்டி ஒயரைக் கடிக்கும்.

காரமடை டிரைவிங்
ஒரு சேதி. 2019 ஜூலையில இருந்து புதுக் காருக்குப் பின் சென்சார் கட்டாயம், முன்னாடிக்குக் கிடையாது. கடையில முன் சென்சார் மாட்டறேன்னு பம்பர்ல ஓட்டை போடுவாங்க. வாரண்டி போகுமான்னு கேட்டுட்டு மாட்ட விடுங்க.

அவிநாசிக்காரி
ரெண்டு கோடும் போட்டாச்சுங்க, மஞ்சக் கோட்டுல நிறுத்தறப்பவே பாதி பயம் போயிருச்சு. தடுப்புக்கு மட்டும் மாமியார் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ராத்திரி மோட்டார் போட அந்த வழியாத்தான் வருவாங்க, தடுக்கி விழுந்துருவேன்னு சொல்றாங்க.

பல்லடம் லேத்து
அவங்க சொல்றது நியாயந்தானுங்க. முழு நீளச் சட்டம் வேண்டாம். டயர் வர்ற ரெண்டு இடத்துல மட்டும் ஒன்றரை அடித் துண்டு வைங்க, நடுவுல நடக்கவும் கழுவி விடவும் வழி இருக்கும். மஞ்சப் பெயிண்ட் அடிச்சு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிருங்க. அதைவிட, மோட்டார் சுவிட்சை வீட்டுக்குள்ள கொண்டு போயிருங்க. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.