தோல் டாக்டரிடம் என்ன சொல்வது?

நாளை சாயங்காலம் தோல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். போன தடவை வேறொருவரிடம் போனபோது "என்ன பண்ணுது?" என்று கேட்டார், "அரிக்குது சார்" என்றேன், இரண்டே நிமிடத்தில் சீட்டோடு வெளியே வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதெல்லாம் பஸ்ஸில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்றரை மாதம் முன்னால் இடுப்பில், பெல்ட் போடும் இடத்தில், எட்டணா அளவுக்கு ஒரு வட்டம். இப்போது தொடை இடுக்கு வரை இறங்கிவிட்டது. மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டேன், நாலு நாளில் அடங்கியது, நிறுத்தினதும் முன்னைவிட மோசம். அம்மா காணாக்கடி என்கிறார், மாமியார் கரப்பான் என்கிறார். நான் எதைச் சொல்ல?

பதில் 1
இரண்டையும் சொல்லாதீர்கள், பெயர் வைப்பது அவர் வேலை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: ஓரம் மேடாகச் செதில் உதிர்கிறதா, நடுவில் தெளிந்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, அரிப்பா, எரிச்சலா, வலியா. காணாக்கடி என்றால் ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அங்கே அடங்கி வேறு இடத்தில் கிளம்பும். என் தங்கைக்கு வந்தபோது தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்தோம், காலையில் பார்த்தால் கோடு மட்டும்தான் இருந்தது. டாக்டரிடம் காட்ட ஒன்றுமே இல்லை, நல்லவேளை போனில் படம் இருந்தது. நீங்களும் பகல் வெளிச்சத்தில் ஒன்று கிட்டத்தில், ஒன்று தள்ளி நின்று எடுத்து வையுங்கள்.

பதில் 2
மெடிக்கலில் ஒன்பது வருடமாக நிற்கிறேன், அதனால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அந்த ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள், காலியாகியிருந்தாலும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஸ்டீராய்டு. படர்தாமரையில் போட்டால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை உள்ளே அது பாட்டுக்குப் பரவும். வட்ட வடிவமே கலைந்து போய் டாக்டருக்கே குழப்பம் வரும். எத்தனை நாள், தினம் எத்தனை தடவை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். நாளைக்குக் களிம்பு, பவுடர், மஞ்சள் எதுவும் பூசிக்கொண்டு போகாதீர்கள். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், அதற்குத் தோல் சுத்தமாக இருக்க வேண்டும்.

பதில் 3
தம்பி, தொடை இடுக்கைக் காட்டக் கூச்சப்பட்டு இடுப்போடு நிறுத்திவிடாதே, என் வீட்டுக்காரர் அப்படித்தான் மூன்று மாதம் இழுத்தடித்தார். சுகர் இருந்தால், வேறு மாத்திரை எதுவும் சாப்பிட்டால் அதையும் சொல். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, ஒரே துண்டைப் போட்டுத் துவட்டுகிறீர்களா என்று அவசியம் பார். ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் பொரிப்பொரியாக இருந்தால் அது சிரங்காக இருக்கலாம், அப்போது மொத்த வீட்டுக்கும் மருந்து. (உனக்கு இல்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: புது மாத்திரை சாப்பிட்ட பிறகு காய்ச்சலோடு வாய் புண்ணாகி, தோல் கொப்புளித்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

கேட்டவர்
ட்யூபைத் தேடி எடுத்தேன், குளோபெட்டசால்தான். பத்தொன்பது நாள் போட்டிருக்கிறேன். அக்கா சொன்னதைப் படித்துவிட்டுப் பையன் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், முதுகில் ஒரு வட்டம். துண்டு ஒன்றுதான். அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.