புதுப்பிப்பு: குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன், கட்சியில்லாத முதலமைச்சர்

முந்தைய இழையில், குமாரமங்கலம் ஜமீன்தாராகப் பிறந்து 1926-இல் சென்னை மாகாண முதலமைச்சரான ப. சுப்பராயனைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். கட்சியே இல்லாதவர் எப்படி ஆட்சி அமைத்தார் என்று காரைக்குடி நண்பர்கள் இருவர் கேட்டிருந்தார்கள்.

1926 தேர்தலில் காங்கிரசைச் சார்ந்த சுயராஜ்யக் கட்சியே அதிக இடங்களைப் பிடித்தது. ஆனால், இரட்டையாட்சியில் (சில துறைகள் மட்டும் அமைச்சர்களிடம், முக்கியத் துறைகள் ஆளுநரிடம் இருந்த முறை) பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையால் அது ஒதுங்கிக்கொள்ள, நீதிக்கட்சியும் போதிய பலமின்றி நின்றதால், ஆளுநர் கோஷன் சுயேச்சையான சுப்பராயனை அழைத்து, சட்டமன்றத்தில் அரசு நியமித்த உறுப்பினர்களின் துணையையும் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆளுநரின் தயவில் நின்ற ஆட்சிதான் அது என்பது என் கருத்து. 1928-இல், இந்திய அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டன் அனுப்பிய, இந்தியர் எவரும் இல்லாத சைமன் குழுவைப் புறக்கணிக்கும் பிரச்சினையில் உடனிருந்த அமைச்சர்கள் இருவரும் விலகியபோதும் அவர் பதவியில் நீடித்தார். புதிதாக அமைச்சராக வந்த எஸ். முத்தையா முதலியார்தான், அரசுப் பணிகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்.

சுப்பராயனின் குடும்பச் செல்வாக்கை நம் செட்டிநாட்டோடு ஒப்பிட்டுக் கேட்டவருக்கு: 1936-இல் நீதிக்கட்சி அமைச்சரான செட்டிநாட்டு முத்தையா செட்டியாரின் குடும்பச் செல்வாக்கு கடல்கடந்த வட்டித்தொழிலில் வளர்ந்தது, சுப்பராயனுடையது கொங்குநாட்டு நிலத்தில்.

பின்னர் சுப்பராயன் காங்கிரசில் சேர்ந்து, 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் கவனித்தார். மகள் பார்வதி கிருஷ்ணனோ கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஜமீன் வீட்டிலிருந்து இப்படியும் ஒருவர்! 1962-இல் மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபோது சுப்பராயன் காலமானார்.