போட்டோ டிஸ்க் நின்று நின்று சுற்றுகிறது: எத்தனை நிமிஷம் வைக்கலாம்?

அம்பைக்காரர்: உபுண்டு மெஷின். சிஸ்டம் எஸ்எஸ்டியில, கல்யாண போட்டோ எல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்க்ல. டிஸ்க் அமைப்பை மாத்துற எச்டிபார்ம் (hdparm) கட்டளையில, சும்மா இருந்தா எப்ப நிக்கணும்ங்கிற ஸ்டாண்ட்பை டைமர் 120. டிஸ்க் நின்ன கொஞ்ச நேரத்துல தானா சுத்துது. ஆல்பம் திறந்தா பத்து செகண்ட் உறைஞ்சு நிக்குது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் பட்டியல்ல 4-ம் எண் (டிஸ்க் நின்னு கிளம்பின தடவை) 9,400; 193 வந்து 1,84,000; 192 (திடீர்னு கரண்ட் போய் ஹெட் ஒதுங்கின தடவை) 310. கரண்ட் போனா இன்வெர்ட்டர் எடுக்கும், ஆனா மெஷின் சில நேரம் அணைஞ்சிருது. டிஸ்க்கை நிறுத்துறதே தப்பா அண்ணாச்சி?

பாளை: நிறுத்துறது தப்பில்ல, நேரம்தான் தப்பு. 120ன்னா அஞ்சஞ்சு செகண்டா எண்ணி 10 நிமிஷம். வேலை நடக்கிற டிஸ்க்குக்கு அது ரொம்பக் குறைச்சல். 242 வைங்க, ஒரு மணி நேரம். 240-க்கு மேல கணக்கு மாறும், 241 அரை மணி.

193 தனி விஷயம், அது டிஸ்க்கைப் படிக்கிற, எழுதுற ஹெட் ஓரமா ஒதுங்குற எண்ணிக்கை. பல டிஸ்க்குக்கு 3 லட்சம், சிலதுக்கு 6 லட்சம்னு தரவுத்தாள்ல போட்டிருக்கும். உங்களுக்கு 4-ஐ விட 193 இருபது மடங்கு. அப்போ டைமர் காரணமில்ல, டிஸ்க்கோட சொந்த மின்சேமிப்பு அமைப்பான ஏபிஎம்தான். அதை 254 ஆக்குங்க. 127-ம் அதுக்குக் கீழயும் இருந்தா டிஸ்க் தானாவே நிக்க அனுமதி உண்டு.

தானா எழுப்புறது யாருன்னு, எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுதுன்னு காட்டுற ஃபாட்ரேஸ் (fatrace) ஓட்டிப் பாத்துக்கிடுங்க. ஃபைல் தேடலுக்கான இண்டெக்ஸரா இருக்கலாம். ஸ்மார்ட் பட்டியலைக் கண்காணிக்கிற ஸ்மார்ட்-டி (smartd) புரோகிராமை மறந்திராதீங்க, அரை மணிக்கொருக்க டிஸ்க்கை விசாரிக்கும். ஃபாட்ரேஸ்ல அது தெரியாது. ஸ்மார்ட்-டியோட கான்ஃப் ஃபைல் வரியில "மைனஸ் என் ஸ்டாண்ட்பை" (-n standby) சேத்தா தூங்குற டிஸ்க்கைத் தொடாது.

வள்ளியூர்: எனக்குக் கவலை அந்த 192 மேலதான். முறையா ஷட் டவுன் பண்ணினா ஓஎஸ் முதல்ல கேஷை (எழுத வேண்டியதைத் தற்காலிகமா வைக்கிற நினைவகம்) காலி பண்ணச் சொல்லும், பிறகு டிஸ்க்கை நிறுத்தும், கடைசியாத்தான் கரண்ட் போகும். திடீர்னு போனா, சுத்திக்கிட்டிருக்கிற மோட்டார்ல மிஞ்சின விசையை வச்சே ஹெட்டை அவசரமா ஒதுக்கணும். எழுதாம கேஷ்ல நின்ன டேட்டாவும் போயிரும். டிஸ்க்கை நிறுத்துற ஸ்பின் டவுனை விட இதுதான் ஆபத்து. இன்வெர்ட்டர் பின்பக்கம் யுபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. சாதா மோட்ல மாறுற நேரம் அதிகம், கம்ப்யூட்டர் தாங்காது. அப்படியும் அணைஞ்சா, மெஷினுக்கு மட்டும் யுஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யுபிஎஸ் வாங்கி, பேட்டரி இறங்கினா தானா ஷட் டவுன் ஆகுற மாதிரி வச்சிருங்க.

ராத்திரி மட்டும் ஓடுற பேக்கப் டிஸ்க் இருந்தா, காப்பி முடிஞ்சதும் அன்மவுண்ட் பண்ணி (சிஸ்டத்துல இருந்து கழட்டி விட்டு) உடனே நிறுத்திரலாம். அன்மவுண்ட் பண்ணாம நிறுத்தினா அடுத்து ஏதாவது எழுத வந்தாலே எழுந்திரும்.

அம்பைக்காரர்: ரீபூட் பண்ணினா 242 நிக்குமா?

பாளை: நிக்காது. எச்டிபார்ம் கான்ஃப் ஃபைல்ல 242, ஏபிஎம் 254 ரெண்டையும் எழுதுங்க. டிஸ்க் பேரை எஸ்டிஏ, எஸ்டிபின்னு (sda, sdb) போடாதீங்க, பூட்டுக்குப் பூட்டு மாறும். மாறாத பை-ஐடி (by-id) பாதையைக் கொடுங்க.