ஒரு பானை நானோகுழாய்க்கு ஒரு படம் பதமா?

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்தபோது நடந்தது. ராணிப்பேட்டைத் தோல் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தை உறிஞ்சுமா பார்க்கலாம் என்று பலசுவர் கார்பன் நானோகுழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கார்பன் சுவர் கொண்ட மிக நுண்ணிய குழாய்) பொடியாக வாங்கினோம். டப்பாவில் 'தூய்மை 95%' என்று போட்டிருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலும் இடியாப்பம் மாதிரி அழகழகான குழாய்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்பிவிட்டேன்.

சீனியர் அண்ணன் சிரித்தார். "சோறு மொத்தமும் ஒரே தீயில வேவுது. இது அப்படியாடா? படத்துல வந்தது ஒரு துளித் தூசு. டிஜிஏல போடு."

போட்டோம். டிஜிஏ என்பது சூடாக்கிக்கொண்டே எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் கருவி. காற்றில் 900 டிகிரி வரை சூடாக்கினால் கார்பன் எரிந்துபோகும். குழாயை வளர்க்கப் போட்ட வினையூக்கி உலோகம் ஆக்சைடாக மிஞ்சும். எங்கள் கிண்ணத்தில் செங்கல் பொடி நிறத்தில் 10% மிச்சம். இரும்பு ஆக்சைடு எடையில் இரும்பு 70% என்பதால், சரக்கில் 7% இரும்பு!

சரி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டினோம். வடிந்தது மஞ்சளாக இறங்கியபோது அவ்வளவு சந்தோஷம். அமிலம் போகும்வரை கழுவ வேண்டுமே. மே மாத வேலூரில் டிஸ்டில்டு வாட்டருக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தது தனிக் கதை. இத்தனைக்கும் இரும்பு 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. மீதி இரும்பு, புளிக்குள் கொட்டை மாதிரி கார்பன் ஓட்டுக்குள் இருக்கிறது. அமிலம் அங்கே எட்டாது.

ஓட்டை உடைக்க நைட்ரிக் அமிலத்தில் ஆறு மணி நேரம் கொதிக்கவிட்டேன். இரும்பு 1 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையில், ஒழுங்கான கார்பனைக் காட்டும் ஜி முகட்டுக்கு (1580 செ.மீ⁻¹ அருகே) அடங்கியிருந்த, குறைகளைக் காட்டும் டி முகடு (1350 அருகே) இப்போது அதைத் தாண்டி நின்றது. குழாய்ச் சுவரெல்லாம் புண். ஒரு கிராமில் அரை கிராம்கூடத் தேறவில்லை. உலோகத்தை உறிஞ்சும் வேலைக்கு அந்தப் புண் உதவும். மின்சாரம் கடத்தும் வேலைக்கென்றால் வீண்தான். இப்போதெல்லாம் யாராவது தூய்மை எவ்வளவு என்றால், எதற்கு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

*

மேலே எழுதிய அண்ணாவுக்கு, குடியாத்தத்திலிருந்து இன்னொருவன். நானும் நானோகுழாயைச் சுத்தம் செய்யப் பார்த்தேன். அமிலமே வேண்டாம் அண்ணா என்று, உலையில் 450 டிகிரியில் காற்றோடு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். குழாயாகாமல் ஒட்டியிருக்கும் வடிவமற்ற கார்பன் முதலில் எரியும், குழாய் தங்கும் என்பது கணக்கு. உள்ளே இருக்கும் இரும்பே எரிப்பை வேகப்படுத்தும் என்பதை மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் பொடி வைத்த பீங்கான் படகில் (படகு வடிவத் தட்டு) கருப்பே இல்லை, துருதான். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் டிஜிஏதான், எடை போட்டு எழுதுப்பா" என்றார்.