சங்கிலி தாவுகிறதா, கழல்கிறதா, பிடி விடுகிறதா? – ஒரு கலைச்சொல் விவாதம்

கையேட்டுக்காரி:

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மிதித்துணை மின்வண்டி ஒன்றின் பழுதுநீக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று சக்கரம், தரையை ஒட்டிய இருக்கை, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். மேட்டில் மோட்டார் திணறும்போது கால்தான் கைகொடுக்கும். நாற்பது பக்கத்தில் முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. மீதி ஒரு பக்கத்தில் நான்கு நாளாக நிற்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது.

அந்தப் பக்கத்தில் மூன்று பழுதுகள் வருகின்றன. முதலாவது, சங்கிலி பல்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. ஆனால் அழுத்தி மிதித்தால் ஒரு பல்லை விட்டு அடுத்த பல்லில் போய் விழுகிறது. 'டக்' என்று ஓர் ஓசை, கால் ஒரு கணம் வெறுமையில் இறங்குகிறது. இரண்டாவது, சங்கிலி சக்கரத்தை விட்டே பக்கவாட்டில் வெளியே வந்து தொங்குகிறது. மூன்றாவதில் சங்கிலிக்கு ஒன்றுமே இல்லை. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தானாக உருளவிடும் உறுப்பான பிரீவீலின் உள்ளே இருக்கும் பிடி பிடிக்காமல் மிதி சும்மா சுற்றுகிறது.

என் வரைவில் மூன்றுக்கும் 'நழுவுதல்' என்றே எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த தோழி, "இதைப் படித்துவிட்டு நான் எதைக் கழற்றுவது?" என்று கேட்டார். மூன்று சொல் வேண்டும். உதவுங்கள்.

பட்டறை ஆசிரியர்:

அம்மா, உங்கள் தோழி கேட்டது நியாயம். என்னிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர்களும் மூன்றையும் 'செயின் ஸ்லிப்' என்று ஒரே சொல்லில்தான் சொல்கிறார்கள். அதை நம்பிப் புதுச் செயின் மாட்டிய பிறகு குற்றம் பிரீவீலில் இருந்ததைக் கண்டு நானே அசடு வழிந்திருக்கிறேன்.

எது பழுது என்று அறிய ஒரு சாக்பீஸ் போதும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சங்கிலியில் கை இருக்கும்போது மோட்டார் விழித்துக்கொண்டால் விரல் மிஞ்சாது. பிறகு பின் பல்சக்கரத்தின் ஒரு பல், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணி, பக்கத்திலுள்ள சக்கரக் குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி) மூன்றையும் சேர்த்து ஒரே கோடாக இழுங்கள். பின்சக்கரம் அசையாதபடி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை அழுத்துங்கள். கண்ணியின் கோடு பல்லின் கோட்டை விட்டு விலகினால் முதல் பழுது. கண்ணியும் பல்லும் சேர்ந்தே நகர்ந்து குடம் மட்டும் நின்றால் மூன்றாவது. இரண்டாவதற்குச் சோதனை தேவையில்லை, தரையில் கிடக்கும்.

வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவது 'பல் தாண்டுகிறது', 'கழன்றுவிட்டது', 'பிடி விடுகிறது'. கலைச்சொல் என்று நினைத்து எழுதவில்லை.

தொடர்நெறியன்:

மூன்று வினைச்சொல்லைத் தேடுகிறீர்கள், எழுவாயையே தவறாக எழுதிக்கொண்டு. 'சங்கிலி' வடமொழிச் 'சிருங்கலா'வின் திரிபு. நம்மிடம் 'தொடர்' இருக்கிறது. புறநானூறு 74 ஆம் பாட்டில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னைத் 'தொடர்ப்படு ஞமலி' என்கிறான். சங்கிலியில் கட்டிய நாய் என்று பொருள். நாயைக் கட்டிய தொடர் சக்கரத்தைக் கட்டாதா? 'தொடரி' என்று வையுங்கள். தொடரித் தாவல், தொடரிக் கழலல், தொடரிப் பிடிவிடல். கேட்கவே எவ்வளவு செம்மையாக இருக்கிறது!

எளியன்:

தொடரி என்றால் ரயில் என்று போன மாதம் இதே குழுவில் நீங்கள்தானே நிலைநாட்டினீர்கள்? இப்போது 'தொடரி கழன்றது' என்று எழுதினால் விபத்துச் செய்தி என்று நினைப்பார்கள்.

தொடர்நெறியன்:

தொடரி என்று ஒரு முட்செடியும் உண்டு. ஒரு சொல் பல பொருள் தருவது மொழியின் செல்வம். இடம் நோக்கிப் பொருள் கொள்ளத் தெரியாதவனுக்காக மொழியை மெலிய வைக்க முடியாது.

பட்டறை ஆசிரியர்:

ஐயா, ஒரு சொல் பல பொருள் தந்ததால்தான் நான் தவறான உறுப்பை மாற்றினேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, எழுவாயை விடுங்கள், வினைக்கு வாருங்கள். இலக்கியத்தில் முதலில் நழுவியது வளையல். பிரிவால் தலைவியின் தோள் மெலிய, வளை நெகிழ்கிறது, கழல்கிறது, சோர்கிறது. குறள் 1234 'பைந்தொடி சோரும்' என்கிறது. மூன்றுக்கும் சாயல் வேறு. நெகிழ்தல் பிடிப்புத் தளர்வது, இன்னும் விழவில்லை. கழலுதல் மாட்டியிருந்த இடத்தை விட்டே வெளிவருவது. சோர்தல் வலுவிழந்து தானாக இறங்குவது. எனவே கையேட்டின் இரண்டாம் பழுது ஐயத்துக்கு இடமின்றிக் 'கழலல்'தான். தெருவிலும் 'செயின் கழன்றுவிட்டது' என்றுதான் சொல்கிறார்கள். அகப்பாட்டும் தெருவும் ஒத்துப்போகும் இடம் அபூர்வம், கைவிடாதீர்கள்.

முதல் பழுதுக்கு என் பரிந்துரை 'பல்வழு'. உயர்திணை எழுவாய் அஃறிணை வினையில் முடிந்தால் திணைவழு. கண்ணி தனக்குரிய பல்லில் முடியாமல் அடுத்த பல்லில் முடிந்தால் பல்வழு. இதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது?

இன்னொன்று. கையேட்டின் தலைப்பில் உள்ள 'மிதித்துணை' உறுத்துகிறது. தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் முன்பே எச்சரித்திருக்கிறது. மிதிக்குத் துணை என்றால் நான்காம் வேற்றுமை: கால் முதலாளி, மோட்டார் வேலையாள். மிதியால் துணை என்றால் மூன்றாம் வேற்றுமை: மோட்டார் முதலாளி, கால் வேலையாள். எது?

எளியன்:

ஐயா, இது நல்ல கேள்வி. இன்றைய மின்மிதிவண்டிகள் பலவற்றில் கால்தான் முதலாளி. மிதித்தால் மட்டுமே மோட்டார் சேர்ந்துகொள்ளும். பழையவற்றில் அப்படியில்லை. 1985 ஜனவரி 10 அன்று பிரிட்டனில் அறிமுகமான சின்கிளேர் சி5 என்ற மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 250 வாட் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, மணிக்கு 15 மைல். பட்டனை அழுத்தினால் சமதரையில் மிதிக்காமலே ஓடும். செங்குத்தான மேட்டில் கால் துணைக்கு வர வேண்டும். ஆனால் அந்நாட்டின் 1983 ஆம் ஆண்டு விதியில் அது மின்சாரம் துணைசெய்யும் மிதிவண்டி வகை. ஆக, சட்டத்தில் நான்காம் வேற்றுமை, மேட்டில் மூன்றாம் வேற்றுமை.

கையேட்டுக்காரி:

தலைப்பு அச்சாகிவிட்டது. தயவுசெய்து 40 ஆம் பக்கத்துக்கு வாருங்கள்.

பட்டறை ஆசிரியர்:

'பல்வழு' என்றால் என் மாணவர்கள் பல் மருத்துவரிடம் போவார்கள். ஆனால் தமிழாசிரியர் ஐயாவின் வளையல் உவமையை விட மனமில்லை, அதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அங்கே வளை மாறவில்லை, தோள்தான் மெலிந்தது. இங்கே இரண்டும் நடக்கின்றன: பல்லும் மெலிகிறது, சங்கிலியும் நீள்கிறது.

'நீள்கிறது' என்ற சொல்லே பிழை என்பேன். கையேட்டின் வரைவில் 'சங்கிலி நீட்சி' என்று பார்த்தேன். இரும்புத் தகடு ரப்பரைப் போல இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசி தன் உறைக்குள் சுழன்று சுழன்று தேய்கிறது, ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இடைவெளி உண்டாகிறது. ஹான்ஸ் ரெனால்ட் 1880 இல் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலியில் உறையும் உருளையும் வைத்ததே இந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான். மிதிவண்டிச் சங்கிலியில் ஊசிக்கும் ஊசிக்கும் 12.7 மி.மீ. 24 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 304.8 மி.மீ. வர வேண்டும். அது 308ஐத் தொட்டுவிட்டால் ஒரு விழுக்காடு தேய்ந்துவிட்டது, மாற்றிவிட வேண்டும். ஒரு கண்ணிக்கு எட்டில் ஒரு மில்லிமீட்டர்தான் கூடுகிறது, கண்ணுக்கே தெரியாது. ஆனால் இந்த வண்டியில் மிதி முன்னால், ஓடும் சக்கரம் பின்னால். 200 கண்ணியுள்ள சங்கிலி என்றால் மொத்தம் 25 மி.மீ. கூடி அத்தனையும் தொய்வாகத் தொங்கும். உருளை பல்லின் அடிவாரத்தில் உட்காராமல் சரிவில் ஏறி உட்காரும். காலும் மோட்டாரும் ஒரே சங்கிலியை இழுக்கும் அமைப்பாக இருந்தால், புறப்படும்போதே தாண்டிவிடும்.

எனவே 'நீட்சி'யை அடித்துவிட்டுத் 'தேய்மானம்' என்று எழுதுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சுறாத் துடுப்பைப் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி முன்பைவிட மோசமாகத் தாண்டும். சங்கிலி முழுச் சுற்று வரும்போதெல்லாம் ஒரே ஒரு முறை தாண்டினால் எங்கோ ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது என்று பொருள். அதற்கு எண்ணெய் விட்டு அந்த மூட்டை அசைத்துக் கொடுத்தாலே போதும், எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அந்த ஒரு விழுக்காடு வரை பொறுத்துக்கொள்கிறீர்களே, அதற்கு இலக்கணத்தில் பெயர் இருக்கிறது: வழுவமைதி!

பட்டறை ஆசிரியர்:

இது பிடித்திருக்கிறது. கரும்பலகையில் எழுதுவேன்.

கையேட்டுக்காரி:

மிக்க நன்றி. 'தேய்மானம்' திருத்திவிட்டேன். தொய்வை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரத்துக்கு, சுமைதாங்கி, இடிதாங்கி போலத் 'தொய்வுதாங்கி' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?

(மூன்று மணி நேரமாக ஒரு மடலும் இல்லை. இந்தக் குழுவில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.)

முதல் பழுதுக்குப் 'பல்தாவல்' என்று வைத்துவிடவா?

எளியன்:

தாவல் வேண்டாம். கணினி உலாவியில் மேலே வரிசையாக இருக்குமே, அதற்குத் தாவல் என்று பெயர் வைத்தாயிற்று. 'புதிய பல்தாவல்' என்று படித்துச் சிரிப்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அதைவிடப் பெரிய சிக்கல் புணர்ச்சி. கல்லும் தூணும் கற்றூண் ஆவதுபோல, பல்லும் தாவலும் சேர்ந்தால் பற்றாவல்.

எளியன்:

பற்று, ஆவல் என்று பிரிப்பேன் நான். வண்டி விற்பனை விளம்பரத்துக்குப் பொருந்தும்.

தொடர்நெறியன்:

புணர்ச்சியைக் கேலி செய்பவர்கள் கலைச்சொல் ஆக்க வந்ததுதான் இந்தத் தலைமுறையின் அவலம். பற்சக்கரத்தைப் 'பல்சக்கரம்' என்று எழுத விட்டீர்கள், இதோ அடுத்த பல்லும் விழுகிறது.

பட்டறை ஆசிரியர்:

ஐயா, பற்சக்கரம் என்று எழுத எனக்குத் தடையில்லை. ஆனால் கையில் மசியோடு, ஒரு கண்ணால் கையேட்டையும் மறு கண்ணால் சங்கிலியையும் பார்ப்பவன், சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்றால் கையேட்டை மூடிவிடுவான். இரண்டு சொல்லாகவே விடுங்கள்: பல் தாண்டுதல். சேர்த்தால்தானே புணரும்?

மூன்றாவதற்கும் அப்படியே. பிரீவீலுக்குள் சின்ன நாக்குகள் இருக்கின்றன, ஸ்பிரிங் அவற்றைத் தள்ளி உள்பற்களில் மாட்டவைக்கிறது. பல ஆண்டு நிறுத்திவைத்த வண்டியில் பழைய கிரீஸ் பிசினாகி நாக்குகளை ஒட்டவைத்துவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டால் பாதி வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும். மீதிக்குப் புதுப் பிரீவீல். நாக்கு பிடியை விடுகிறது, 'பிடி விடுதல்'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிரிந்து நின்றால் தொடர்மொழிதான், கலைச்சொல் ஆகாது. ஆனாலும் எதிர்த்து வாக்களிக்க மாட்டேன்.

கையேட்டுக்காரி:

ஞாயிறு இரவு பதினொன்றரை. பல் தாண்டுதலுக்கு ஐந்து பேர் ஆதரவு, அதில் மூவர் 'சரி, விடுங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். கழலுதல் ஒருமனதாக. பிடி விடுதலுக்கு நால்வர். சங்கிலி, சங்கிலியாகவே இருக்கும். அடைப்புக்குறிக்குள் ஒருமுறை 'செயின்' என்று கொடுக்கிறேன். பக்கம் அனுப்பியாயிற்று.

தொடர்நெறியன்:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். இரண்டாம் பதிப்பில் 'தொடர்' வர வேண்டும். புறநானூற்றுப் பாட்டை முன்பக்கத்தில் போட்டால் போதும், யாரும் குழம்ப மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எல்லாம் சரி, 'மிதித்துணை' எந்த வேற்றுமை என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே?